மரியதாசன் சொன்ன ஓம்

மரியதாசனுக்கு வயது அறுபத்தொன்று. அதில் ஒன்பது நாட்களைத்தான் அவர் வாய் திறக்காமல் கழித்திருக்கிறார், அதுவும் தொண்டைக்குள் குழாய் இருந்தபடியால்.

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் தமிழர் வீட்டுக் கலியாணம், பிறந்தநாள் எதுவானாலும் ஒலிவாங்கி அவர் கையில்தான். "ரெண்டு நிமிசம் கதைக்கிறன்" என்று எழும்புவார், சோறு ஆறிப்போகும். திருகோணமலைக்காரர், ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கர், புரோசார்டில் ஒரு தளபாடக் கடையின் களஞ்சியத்தில் வேலை. பெப்ரவரியில் இருமல் வந்தது. "இது ஸ்நோவால வந்த தடிமன்" என்று கொத்தமல்லி அவித்துக் குடித்தார். ஆறாம் நாள் உதடு நீலம் பாரித்து மூச்சு இரைத்தபோது மனைவி யோகமலர் அம்புலன்ஸைக் கூப்பிட்டார். அதற்குள் நிமோனியாக் கிருமி வலது நுரையீரலை முழுதாகவும் இடதில் பாதியையும் பிடித்துவிட்டது. இரத்த அழுத்தமும் விழுந்துகொண்டிருந்தது. அன்றே மயக்கி, குழாய் போட்டு, மூச்சு இயந்திரத்தில் விட்டார்கள்.

குழாய் போட்ட பத்தாம் நாள், புதன்கிழமை காலை, அதை எடுத்தார்கள்.

புண்பட்ட தொண்டையில் ஒரு மூச்சுக்கு ஒரு சொல்தான் வந்தது. மயக்க மருந்தின் மிச்சத்தில், இருபத்தேழு வருடமாகச் சேர்த்த பிரெஞ்சு எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. கேட்டால் விளங்கியது, பதில் மட்டும் தமிழில்தான் வந்தது.

தாதி ஜோசியான் குனிந்து பிரெஞ்சில் கேட்டாள். "இது மொன்றியல் என்று தெரிகிறதா?"

"ஓம்."

ஜோசியானின் முகம் மலர்ந்தது. வாரத்தில் மூன்று நாள் யோகா வகுப்புக்குப் போகிறவள் அவள்.

"நெஞ்சு நோகிறதா?"

"ஓ... ம்."

அவள் கண்ணை மூடிக் கைகூப்பி, தானும் நீளமாக ஒரு "ஓம்ம்ம்" இழுத்தாள். மரியதாசன் பார்த்துக்கொண்டு கிடந்தார். நோகிறது என்றால் மருந்து தருவார்கள் என்று நினைத்திருந்தார். இவள் பஜனை வைக்கிறாள்.

அடுத்தது, புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கும் கேள்விகள். "கல் தண்ணீரில் மிதக்குமா?"

"இல்லை."

பிரெஞ்சுக் காதில் அது 'இல் லே' என்று விழுந்தது. பிரெஞ்சில் அது "அவர் வந்து..." என்று தொடங்கி நிற்கிற வசனம். ஜோசியான் மீதிக்குக் காத்திருந்தாள். வரவில்லை.

"அவர் வந்து...? என்ன?"

"இல்லை!"

"யார் அவர், மிஸ்யூ?"

மரியதாசன் கையை ஆட்டி விளக்கப் பார்த்தார். மருந்துக் குழாய்களைப் பிடுங்கிவிடாதிருக்க இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அவர் இழுத்த இழுப்பில் நாடித்துடிப்புக் காட்டும் இயந்திரம் கத்தியது. குறிப்பில் ஏறியது: மந்திரம் ஓதுகிறார், யாரோ ஒருவரைப் பற்றியே சொல்கிறார், பதற்றம், கட்டை அவிழ்க்க வேண்டாம்.

பதினொரு மணிக்கு யோகமலர் வந்தபோது ஜோசியான் கட்டிலருகே கண்மூடி நின்று ஓம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாதாவே! இஞ்சாருங்கோ, ஒன்பது நாளுக்குள்ள சமயம் மாறிப்போட்டியளோ?"

"இ... ல்லை."

"பாருங்கள், திரும்பவும் அந்த மனிதரைப் பற்றித்தான்" என்றாள் ஜோசியான் கவலையோடு.

மருத்துவர் யோகமலரை வெளியே அழைத்தார். ஒக்சிசன் குறைந்திருந்த நேரத்தில் மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம். இரண்டு மணிக்கு மறுபடி கேள்வி கேட்போம். அதிலும் தவறினால் கட்டோடு இந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இருக்க வேண்டும், தலையை ஸ்கான் பண்ண வேண்டும் என்றார். அந்தத் தலைக்குள் ஒன்றும் இல்லையென்று யோகமலர் முப்பத்துமூன்று வருடமாகச் சொல்லி வந்தவர்தான். அதை ஒரு டொக்டர் சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

யோகமலர் கார்டெறி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் பிள்ளை பார்ப்பவர். அவருடைய பிரெஞ்சு மூன்று வயதுக்காரருக்கு ஏற்ற பிரெஞ்சு. "சொல்லு செல்லம்," என்று மருத்துவரிடம் விம்மினார், "அவர் என்ன சொன்னவர்?"

"கல் மிதக்குமா என்றோம். 'அவர் வந்து' என்றார். 'இல் லே'. மற்றக் கேள்விகளுக்கெல்லாம் மந்திரம்."

"என்ன மந்திரம்?"

மருத்துவர் இருபக்கமும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "ஓம்" என்றார்.

யோகமலரின் அழுகை நின்றது. "ஐயோ, ஓம் எண்டால் எங்கட பாசையில 'ஆம்' எல்லோ! பூசையிலயும் ஓம், சண்டையிலயும் ஓம். 'இல்லை' எண்டால் 'நோ'!" பாதியைத் தமிழிலும் பாதியைப் பிரெஞ்சிலும் கத்தியதில் மூன்றாம் கட்டில் நோயாளி விழித்துக்கொண்டார்.

இரண்டு மணிவரை மருத்துவர் பொறுக்கவில்லை. நேரே உள்ளே போனார்.

"கல் மிதக்குமா?"

"இல்லை."

"கடலில் மீன் உண்டா?"

"ஓம்."

"இரண்டு கிலோவைவிட ஒரு கிலோ பாரமா?"

"இல்லை."

"சுத்தியலால் ஆணி அடிக்கலாமா?"

"ஓம்."

"நானும் ஒண்டு கேக்கிறன்" என்று யோகமலர் இடையில் புகுந்தார். "முதல் நாளே ஆசுப்பத்திரிக்குப் போவம் எண்டு நான் சொன்னனானோ, இல்லையோ?"

மரியதாசன் மனைவியைப் பார்த்தார், மருத்துவரைப் பார்த்தார், கட்டுண்டு கிடந்த தன் கைகளைப் பார்த்தார்.

"ஓம்."

"புத்தி நல்ல தெளிவு" என்றார் யோகமலர்.

ஜோசியானின் முகம் சிவந்துபோனது. "அப்படியானால் காலையில் நெஞ்சு நோகிறதா என்று கேட்டபோது..."

"ஓம்!" என்றார் மரியதாசன், அன்றைக்கு வந்த குரலில் அதுதான் பெரியது. அவள் மருந்தெடுக்க ஓடினாள். மருத்துவர் தன் கையாலேயே கட்டுகளை அவிழ்த்தார்.

வியாழன் காலை பத்து மணிக்கு அவரை நான்காம் மாடி வார்ட்டுக்கு மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை, புரைக்கேறாமல் விழுங்குகிறாரா என்று பார்க்கும் பரிசோதனை. அதுவரை வாயால் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை.