இலையைப் பார்க்காதவர்

உத்திரமேரூரில் விவசாயிகளுக்காக நடந்த முகாமில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார் அவர். மடிப்புக் கலையாத சட்டை. நாங்கள் கொண்டுபோன நெல் இலையைப் படமெடுத்ததும், கண்ணால் பாராமலே கசக்கி மேஜைக்கடியில் போட்டுவிடுவார். படத்தைப் பார்த்து நோய்க்கு நம்பர் கொடுப்பது ஒரு மென்பொருள். அந்த நம்பருக்கு மருந்து சொல்வது இன்னொன்று. இரண்டும் யார் யாரோ உலகத்துக்கே இலவசமாக எழுதிக் கொடுத்தவை. இணைத்து வைத்தவர் இவர்.

சொன்ன மருந்தை அடித்தேன். நோய் அடங்காமல் ஒரு ஏக்கர் போய்விட்டது. அடுத்த முகாமில் கருகிய கதிரோடு போய் நின்றேன். லேப்டாப்பைத் தட்டிப் பார்த்தார்.

“படம் பாக்குறதுல மூணாம் நம்பர் ஒரு நோய், மருந்து சொல்றதுல மூணாம் நம்பர் வேற நோய். ரெண்டு மேலயும் தப்பு இல்ல பெரியவரே.”

“அப்ப நடுவுல குந்திகினு இருந்தது யாரு சார்? ஒரே ஒரு இலைய வச்சி சரி பாத்திருந்தா தெரிஞ்சிருக்காதா?”

“ஃப்ரீயா வந்ததுக்கு இவ்ளோ கேள்வியா?” என்று சிரித்தவர், எதையும் திருத்தாமலே எனக்குப் பின்னால் நின்றவரின் இலைக்குக் கை நீட்டினார்.

பெருமாள் சந்நிதியில் யாரையும் சபிக்காதவன் நான். அந்த லேப்டாப்காரருக்கும் நல்ல புத்தி கொடு என்று கேட்கத்தான் கைகூப்புகிறேன். ஒவ்வொரு தடவையும் அவர்மேல் உள்ள அருவருப்புதான் முந்திக்கொள்கிறது.