பெயர் உண்டு, வாக்குச் சீட்டு இல்லை

வாக்குச்சாவடியின் வாயிலில் நின்று, வாக்களிக்க வருவோரிடம் வாக்காளர் பட்டியலிலுள்ள அவர்களது எண்ணைக் கேட்டு, யார் யார் வந்தார்கள் என்று குறித்துக்கொள்வது, இலண்டனில் ஓய்வு பெற்றவர்களுக்கு என்றே ஒதுக்கப்பட்டது போன்ற கட்சிப்பணி. சட்டையில் கட்சி நிறத்தில் ஒரு நாடா மலர், கையில் எழுதுகோல், உதட்டில் ஒரு காலை வணக்கம். விரும்பியவர் எண்ணைச் சொல்வார். விரும்பாதவர் புன்னகைத்துக் கடந்து போவார். இரண்டாயிரத்தைந்தாம் ஆண்டு மே மாதப் பொதுத்தேர்தலன்று, கிழக்கு இலண்டனில் எங்கள் தெருக்கோடித் தொடக்கப்பள்ளியின் கம்பிக்கதவருகே நான் அவ்வாறே நின்றிருந்தேன். என் நண்பர், பாரிஸ் கடைக்காரர், தம் மனைவியோடு உள்ளே போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். வாக்களித்தவர் அத்தனை விரைவில் வெளியே வர இயலாது என்பது மட்டுமே அந்த நொடியில் எனக்குத் தோன்றியது.

"ஐயா, பேர் இருக்காம். ஆனா பேப்பர் தரமாட்டினமாம்."

அவர் எந்தப் பதற்றமும் இல்லாமல்தான் சொன்னார். கடையில் மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது என்று சொல்வது போன்ற குரல். பதறியவன் நான்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து இளமையில் பிரான்சுக்குச் சென்று, உணவகங்களில் தட்டுக் கழுவி, அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்பதற்காக இலண்டனுக்குக் குடிபெயர்ந்தவர். எங்கள் கடைத்தெருவில் அவர் நடத்திய காய்கறி, மளிகைக் கடைக்குப் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊர் வாயில் அது பாரிஸ் கடைதான். நானோ மலேசியாவிலிருந்து படிக்க வந்து, கல்லூரி நூலகமொன்றில் பணியமர்ந்து, பிரித்தானியக் குடிமகனாகி, இங்கேயே முதுமை எய்தியவன். முருங்கைக்காய் வாங்கப் போன இடத்தில் தொடங்கிய பழக்கம் எங்களுடையது.

அவருடைய தம்பி ஒருவர் நேராக இலண்டனுக்கு வந்து புகலிடம் கேட்டிருந்தார். இலங்கையில் போர்நிறுத்தம் ஏற்பட்டதும், இனித் திரும்பிப் போகலாம் என்று உள்துறை அவரது விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது. வானூர்தியில் ஏற்றும் நாள்கூடக் குறித்தாகிவிட்டது. வழக்கறிஞரும் கைவிரித்த பிறகு, கடைக்காரரை நான் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் அழைத்துப் போனேன்.

அந்த அம்மையார் ஆளும் கட்சியைச் சேர்ந்தவர். எனினும் தம் கட்சியின் அரசு வெளிநாட்டில் தொடங்கிய போருக்கு எதிராக அவையில் வாக்களித்தவர். அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் பெண்களின் ஊதியத்துக்காக அவர்களோடு தெருவில் நின்றவர். வெள்ளிக்கிழமை தோறும் நூலகத்தின் பின்னறையில் மக்களைச் சந்திப்பார். கடைக்காரர் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து நடுங்கும் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியதும் அம்மையார் கேட்ட முதற்கேள்வி, "எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்பதுதான். அமைச்சரகத்தோடு அவர் தொலைபேசியில் வாதாடியதன் பயனாக வானூர்திப் பயணம் நின்றது. நின்றதே தவிர முடியவில்லை. அம்மையார் உறுப்பினராக இருக்கும்வரை தம்பியின் கோப்பு மேசைமேல் திறந்திருக்கும். அவர் தோற்றால் யார் வருவார், என்ன செய்வார் என்று எவரும் சொல்வதற்கில்லை. எதிரணி வேட்பாளரின் பதாகைகளோ, குடியேறுவோர்க்கு வரம்பு கட்ட வேண்டும் என்று பேருந்து நிறுத்தந்தோறும் முழங்கிக்கொண்டிருந்தன.

ஆகவே தேர்தல் அறிவித்ததும் கடைக்காரர் பாதிக் கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். துண்டறிக்கையைத் தமிழில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் எழுதியதைப் பணப்பெட்டியின் அருகில் நின்று உரக்கப் படித்தவர், பாதியில் மூச்சு வாங்கினார்.

"ஐயா, இதை வாசிச்சு முடிக்கேக்க எலெக்‌ஷனும் முடிஞ்சிடும். 'அவ நல்லவ, அவவுக்குப் போடுங்கோ' எண்டு எழுதினால் காணாதே?"

"தம்பி, பிறமொழிச் சொல் ஒன்றுகூட இதில் இல்லை, கவனிச்சீங்களா?"

"ஓம். அதாலதான் ஒண்டும் விளங்கேல்லை."

கட்சி முகவர் எங்களுக்கு அச்சிட்ட வாக்காளர் பட்டியலைக் கொடுத்திருந்தார். கடைக்காரர் அதை வண்டியின் பின்னிருக்கையில் போட்டார்; தேர்தல் முடியும்வரை அஃது அங்கேயே கிடந்தது. "எங்கட ஆக்கள் எந்த வீட்டில இருக்கினம் எண்டு அறிய எனக்கு லிஸ்ட் வேணுமே?" என்று அவர் கேட்டது நியாயமாகவே பட்டது. டென்மார்க்கிலிருந்து வந்தவர், செருமனியிலிருந்து வந்தவர், நெதர்லாந்திலிருந்து வந்தவர் என, அந்தந்த நாட்டுக் குடியுரிமையோடு குடிபெயர்ந்த தமிழர்களின் ஒவ்வொரு கதவும் அவருக்குத் திறந்தது. தேநீர் வந்தது. வடை வந்தது. தம்பியின் கதையைக் கேட்டு எல்லோரும் உருகினர்.

ஒரு வீட்டில் மட்டும், "எங்களுக்கு வோட்டுக் காட் வரேல்லையே, ஐயா" என்றார் அவ்வீட்டுப் பெண்மணி. வாக்காளர் அட்டை இல்லாமலே வாக்களிக்கலாம், பெயரும் முகவரியும் சொன்னால் போதும் என்று நான் விளக்கினேன். சட்டம் அதுதான், ஐயமில்லை. சென்ற ஆண்டு இலண்டன் மாநகரத் தலைவருக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் நடந்த தேர்தலில் அவர்கள் அனைவரும் இதே பள்ளியில் வாக்களித்தவர்கள். அதன்பின் வேறு எதை ஐயுறுவது? மற்ற வீடுகளிலும் அட்டை வரவில்லை என்றே கேள்விப்பட்டோம். அஞ்சல்துறையை வைதுவிட்டு மேலே நடந்தோம்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. கடையின் மேல்மாடியில் மூன்று ஆண்கள் வாடகைக்கு இருந்தனர். இலங்கையிலிருந்து வந்து, இங்கே வாழும் உரிமை பெற்று, இன்னும் குடியுரிமை பெறாதவர்கள். அவர்கள் மூவருக்கும் அட்டை வந்திருந்தது. ஒருவர் அதை எடுத்துக்கொண்டு கீழே வந்து காட்டியபோது கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"பேசாமல் வைச்சிரு. கவுன்சில்காரர் பிழையாய் அனுப்பிப்போட்டினம். நீ போய் வோட் போட்டுப் பிறகு விசாவில பிரச்சினை வந்தால் ஆர் பாக்கிறது?"

நானும் தலையசைத்தேன். கடவுச்சீட்டு உடையவர் வாக்காளர், அஃது இல்லாதவர் விருந்தாளி. எங்கள் இருவரின் அரசியல் அறிவும் அந்த ஒரு வரியில் அடங்கியிருந்தது.

இப்போது மீண்டும் பள்ளி வாயிலுக்கு வருகிறேன். எழுத்தரின் தவறாக இருக்கும் என்று கருதி, நாடா மலரைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு உள்ளே சென்றேன். சிறுவர் வரைந்த வண்ணத்துப்பூச்சிகள் தொங்கிய அறையில், சாவடியின் தலைமை அலுவலரான மூதாட்டி மிகுந்த பரிவோடு விளக்கினார். ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர் உள்ளாட்சிக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் வாக்களிக்கலாம். இந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. பட்டியலில் பெயருக்கு அருகே அதற்கான குறி இருக்கிறது. பிரித்தானியர், அயர்லாந்தினர், இங்கே வாழும் உரிமையுடைய பொதுநலவாய நாட்டவர் ஆகியோர்க்கே இந்த வாக்கு.

"பொதுநலவாயம் என்றால் எந்தெந்த நாடுகள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

பிரித்தானியா முன்பு ஆண்ட நாடுகள்தாம்; இந்தியா, மலேசியா, இலங்கை என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். இலங்கை என்ற சொல்லுக்கு அப்பால் எதுவும் என் காதில் விழவில்லை. அந்தச் சொல் அவர் வாயிலிருந்து அவ்வளவு இயல்பாக வந்தது. நூலகத்தில் பணியாற்றிய காலமெல்லாம் சட்ட நூல்களை அடுக்கில் வைத்து எடுத்தவன் நான். எனினும் தன் வாழ்நாளின் பாதியை ஐரோப்பாவில் கழித்துக் குடியுரிமையும் பெற்றவர்க்கு இல்லாத வாக்கு, அவருடைய மாடியில் குடியுரிமையின்றி வாழும் மூவருக்கு உண்டு என்று எவரேனும் முன்னாளில் சொல்லியிருந்தால், அவரை நான் எள்ளி நகையாடியிருப்பேன்.

வெளியே வந்தபோது கடைக்காரரின் வண்டியும் நாங்கள் ஏறி இறங்கிய வீட்டாரின் வண்டிகளும் வரிசையாக நின்றன. பட்டுச்சேலைகள், பவுடர் பூசிய முகங்கள். செய்தி அதற்குள் பரவியிருந்தது.

"அப்ப நாங்கள் ஆர்? வெறும் ஆக்களோ?" என்று டென்மார்க்கிலிருந்து வந்தவர் என்னிடமே சீறினார். "நீங்கள்தானே ஐயா, காட் தேவையில்லை எண்டனீங்கள்."

கடைக்காரரின் மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தார். "பாரிசில இருந்து வரேக்க சட்டிபானை எல்லாம் கட்டிக்கொண்டு வந்தம். வோட்டை மட்டும் அங்க விட்டிட்டு வந்திட்டம் போல."

எவரும் சிரிக்கவில்லை. அதிர்ச்சி கடைக்காரருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்திருந்தது. "எத்தினை வீடு ஏறினம், ஐயா… ஒரு வோட்டும் இல்லையோ? தம்பிக்கு என்ன சொல்லுறது?"

மேல்மாடிக்காரர் மூவருக்கும் வாக்கு உண்டு என்று அப்போதுதான் சொன்னேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வண்டியில் ஏறினார். நானும் ஏறினேன்.

மாடியில், மூவரில் ஒருவர் வேலைக்குப் போயிருந்தார். அவரை எப்படியும் கூட்டிவருவதாகக் கடைக்காரரின் மனைவி கிளம்பினார். இன்னொருவர் சமைத்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் இரவு வேலை முடித்து அயர்ந்து உறங்கினார்.

"எழும்பு, எழும்பு. வோட் போட வேணும்."

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நீங்கள்தானே அண்ணை, போகாதை எண்டனீங்கள்."

"அது போன கிழமை. காட் எங்கை?"

"அதுக்கு மேலதான் தேத்தண்ணிக் கோப்பை வைக்கிறனான்." அவர் எழுந்து உட்கார்ந்தார். "விசாவில ஏதும் பிரச்சினை வராதோ?"

"ஐயாவைக் கேள். படிச்ச மனிசன். சொல்லுங்கோ, ஐயா."

காலையிலிருந்து என் சொல்லை நம்பி வந்தவர்கள் பட்டுச்சேலையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். "என்னை நம்ப வேண்டாம், தம்பி," என்றேன். "வாங்க, சாவடியில் தலைமை அலுவலர் இருக்காங்க. அவங்ககிட்டயே கேட்போம்."

பள்ளிக்கு வந்து இருவரும் உள்ளே போனார்கள். கடைக்காரர் கம்பிக்கதவுக்கு வெளியே, உள்ளே நுழைந்தாலே குற்றம் என்பது போல ஒதுங்கி நின்றார். மூன்றாமவர் முதலில் வெளியே வந்தார். விழிகள் விரிந்திருந்தன.

"பேரைக் கேட்டா. விலாசம் கேட்டா. தந்திட்டா, அண்ணை. வேறை ஒண்டும் கேக்கேல்லை. ஊரிலகூட நான் ஒருநாளும் வோட் போட்டதில்லை."

"சரியான ஆளுக்குத்தானே போட்டனி?"

அவர் சற்று நிமிர்ந்தார். "அது ரகசியமாம், அண்ணை. உள்ளுக்கு எழுதிப் போட்டிருக்கினம்."

கடைக்காரரின் மாடியில் வாழ்பவர், அவர் தம்பியோடு ஒரே தட்டில் உண்பவர். அவரிடம் அதைத் திரும்பக் கேட்க இயலாது என்பது கடைக்காரருக்குப் புரிய நெடுநேரமாயிற்று. வேலையிலிருந்து அழைத்து வரப்பட்டவரும் மாலையில் வாக்களித்தார். அவரிடம் கடைக்காரர் எதையும் கேட்கவில்லை.

மறுநாள் காலை வானொலியில் முடிவு வந்தது. அம்மையார் முன்னைவிடக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் வென்றிருந்தார். நான் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் வெண்டைக்காய்ப் பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தார்; தம்பி அருகில் நின்று தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் முடிவு தெரியும். எனினும் மகிழ்ச்சி முகத்தில் ஏறவில்லை.

"ஐயா, அவவிட்டை இனிப் போகலாமோ?" என்றார் கடைக்காரர். "வோட் போடாதவன் போய்க் கேக்கலாமோ?"

தொகுதியில் வாழும் எல்லோருக்கும் அவரே உறுப்பினர் என்றேன். முந்தைய நாளின் முடிவில் என் சொல்லுக்கு இருந்த மதிப்பே அதற்கும் கிடைத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நூலகத்தின் பின்னறைக்குக் கடைக்காரர், தம்பி, நான் என மூவரும் போனோம். அம்மையார் எழுந்து கைகுலுக்கினார். வழி நெடுக மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருப்பார் போலும், கடைக்காரர் அமர்வதற்கு முன்பே ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்: தம்மிடம் இருப்பது பிரெஞ்சுக் கடவுச்சீட்டு, தாம் அவருக்கு வாக்களிக்கவில்லை, வாக்களிக்க விடவில்லை, மன்னிக்க வேண்டும்.

அம்மையார் தாளை முன்னால் இழுத்து எழுதுகோலின் மூடியைக் கழற்றினார்.

"வீடு மாறவில்லையே? அதே முகவரிதானே?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பிறகு கதவெண்ணைச் சொன்னார், தெருவைச் சொன்னார். அம்மையார் எழுதி முடித்த பின்னும், பிழை ஏதும் நேர்ந்துவிடக் கூடாதென்று, அஞ்சல் குறியீட்டை ஒவ்வோர் எழுத்தாக மீண்டும் ஒருமுறை சொன்னார்.