எழுத்துக்கும் தாலிக்கும் இடையில்

மகளுக்கு ஐந்து மாதமானபோது அவளுக்கு இரண்டு நாடுகள் இருந்தன. பல் ஒன்றுகூட முளைக்கவில்லை. ரொறன்ரோவில் பிறந்ததால் கனடா அவளைத் தன்பாட்டில் எடுத்துக்கொண்டது. தகப்பன், என் கணவர், இலங்கைக் குடிமகன் என்பதால் தூதரகத்தில் பதிந்து அந்தச் சான்றிதழையும் எடுத்துவிட்டோம். ஆனால் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்த தகப்பனிடம் இருந்தது ஒரேயொரு தாள்தான். வருகையாளராக இன்ன திகதிவரை நிற்கலாம் என்று, ஏற்கெனவே நீட்டி எடுத்த அந்தத் தாளில் போட்டிருந்தது. அந்தத் திகதிக்கு இன்னும் ஏழு கிழமை இருந்தது.

அந்த ஏழு கிழமையும் நான் ஓரிடத்தில் குந்தவில்லை. மல்வேர்னில் எங்கள் ரவுன்ஹவுஸின் குசினியிலிருந்து முன்கதவு வரை நடப்பேன், திரும்பி வருவேன், குடிவரவுத் திணைக்களத்தின் பக்கத்தைப் போனில் திறந்து பார்ப்பேன். நேற்று வாசித்ததையே இன்றும் வாசிப்பேன். நடுவில் ஏதாவது மாற்றி எழுதியிருப்பார்களோ என்று ஒரு நப்பாசை. நான் நடக்கிற நடைக்கு நிலம் தேயப்போகிறது என்றார் எங்களோடு இருந்த அம்மா. தேயட்டும் என்றேன். எனக்கு அப்போது எவர் என்ன சொன்னாலும் கோபம்தான் வந்தது.

எங்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கணவர் இங்கேயே என்னோடு இருக்க, நான் அவரை ஸ்பொன்சர் செய்வது. இடையில் வேலை செய்ய அனுமதி கிடைக்கும். ஆனால் முடிவு வருமுன் வெளியே போனால் திரும்பி உள்ளே விடுவார்கள் என்று எவரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். மறுத்துவிட்டால் அப்பீலும் இல்லை. மற்றது, அவர் யாழ்ப்பாணம் திரும்பிப்போய் அங்கிருந்து விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பது. அதில் மறுத்தால் அப்பீல் உண்டு. ஆனால் பிள்ளை தவழ்வதையும் நடப்பதையும் தகப்பன் போன் திரையில் பார்க்க வேண்டும். காலையில் எனக்கு முதலாவது சரியென்று படும். பின்னேரம் இரண்டாவது. தமிழ்க்கடை வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர் உள்ளுக்குப் போடு என்பார், பின்னால் நிற்பவர் வெளியே போடு என்பார். முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு முன்பைவிடக் குழம்பிப்போய் வருவேன்.

கடைசியில் எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். போர்ம் நிரப்புகிற அங்கிளிடம் போனோம். அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவில், புடவைக்கடைக்கு மேலே அவருக்கு ஓர் அறை. நான் சின்னப் பிள்ளையாக இந்த நாட்டுக்கு வந்தபோது எங்கள் குடும்பத்தின் அகதிப் படிவங்களையும் அவர்தான் நிரப்பினார். இன்றுவரை எங்கள் வீட்டில் எந்தக் கடிதம் வந்தாலும் அவரிடம் காட்டாமல் அம்மாவுக்கு நித்திரை வராது.

அங்கிள் எங்கள் தாள்களை எல்லாம் வாங்கி மேசையில் திகதி வரிசையில் அடுக்கினார். அது அவருடைய பழக்கம். இரண்டு தாள்களை மட்டும் கையில் எடுத்து மாறி மாறிப் பார்த்தார். ஒன்று எங்கள் திருமணப் பதிவு. மற்றது என் கணவர் முதன்முதல் இங்கே வரப் போட்ட விசிட்டர் விசாப் படிவத்தின் பிரதி. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, உது பிழைச்சுப்போச்சு. எழுத்து முடிஞ்சு அஞ்சு மாசத்துக்குப் பிறகு, ஆள் கலியாணம் முடிக்கேல்லை எண்டு எழுதியிருக்கிறியள். உதைப் பொய்யெண்டு எடுத்தாங்கள் எண்டால் அஞ்சு வருசத்துக்கு ஆளை உள்ளுக்கு விடாங்கள்."

அது நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கலியாணத்துக்கு இரண்டு நாட்கள். முதலில் எழுத்து. பதிவாளர் வீட்டுக்கு வந்து பெரிய கொப்பியை விரிப்பார். இரண்டு பேரும் கையெழுத்து வைப்பார்கள், சாட்சிகள் வைப்பார்கள், கேக் வெட்டுவார்கள். சட்டப்படி அதோடு கலியாணம் முடிந்தது. ஆனால் எங்கள் சனம் அதைக் கலியாணம் என்று சொல்லாது. தாலி ஏறவேண்டும். அதுவரை பெண் அவள் வீட்டில், மாப்பிள்ளை அவர் வீட்டில். நான் தை மாதத்தில் யாழ்ப்பாணம் போனபோது எழுத்து நடந்தது. அன்று பின்னேரமே இவர் என்னை நான் தங்கியிருந்த சித்தி வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு, போயிட்டு வாறன் என்று சொல்லிப் போய்விட்டார். நான் ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்தேன். வேலையிடத்தில் கலியாணம் எப்போது என்று கேட்டவர்களுக்கு இன்னும் நாள் வைக்கவில்லை என்றேன். அதைப் பொய்யென்று நான் நினைக்கவே இல்லை.

ஐந்து மாதம் கழித்து என் அண்ணாவுக்கு இங்கே கலியாணம் வந்தது. அதற்கு வரவென்று இவருக்கு விசிட்டர் விசா போட்டோம். படிவத்தை நிரப்பியது நான், இதே குசினி மேசையில். திருமண நிலை என்ன என்று கேட்டிருந்த பெட்டிகளுக்கு முன்னால் என் கை நின்றது. வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்மாவைக் கேட்டேன். தாலி கட்டவில்லை, பிறகென்ன கலியாணம், இல்லையென்று போடு என்றார். போட்டேன். இவருக்கு அனுப்பினேன், இவர் கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பினார், விசாவும் வந்தது. அண்ணாவின் கலியாணத்துக்கு எல்லா நாட்டிலிருந்தும் சொந்தக்காரர் வந்திருந்ததால், அவர்கள் திரும்பிப் போகுமுன் எங்களுக்கும் ஸ்காபரோக் கோயில் ஒன்றில் தாலி கட்டி முடித்தார்கள். அந்தப் பெட்டியில் போட்ட புள்ளடியை அதற்குப் பிறகு நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அங்கிள் பிழையை மட்டும் சொல்லி விடவில்லை, வழியும் சொன்னார். யாழ்ப்பாணத்து எழுத்தை மறந்துவிட வேண்டும். நகரசபையில் புதிதாகக் கலியாண லைசென்ஸ் எடுத்து இங்கே இன்னொரு முறை பதிய வேண்டும். பிறகு எல்லாப் படிவத்திலும் அந்தத் திகதியைப் போடலாம். அப்போது பழைய படிவம் பொய்யாகாது. எத்தனையோ பேர் செய்திருக்கினம் என்றார். உண்மையைச் சொன்னால் என்ன, எனக்கு அது உடனே பிடித்துப்போனது. நெஞ்சில் ஏறியிருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

காருக்குள் ஏறிப் பிள்ளையைச் சீற்றில் கட்டிவிட்டுத்தான் என் கணவர், ஒருமுறை பதிந்த கலியாணத்தை எப்படி இன்னொரு முறை பதிவது என்று கேட்டார். இவர் ஊரில் ரியூட்டறியில் கணக்குப் படிப்பித்தவர். விடை சரியாக இருந்தாலும் அது வந்த வழியை, செய்கையை, காட்டாவிட்டால் புள்ளி போடமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்கையைக் காட்டி ஐந்து வருடம் யாழ்ப்பாணத்தில் போய் இருக்கப் போகிறீர்களோ என்று கத்தினேன். போறன் என்றார். வெளியே போய் அங்கிருந்தே விண்ணப்பிக்கிறன், மறுத்தாலும் அப்பீல் இருக்கு என்றார். சத்தம் போடாமல் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது வருவீர்களாக்கும் என்றேன்.

அடுத்த கிழமை நான்தான் பிடிவாதமாக நகரசபைக்கு வெளிக்கிட்டேன். இவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். லைசென்ஸ் படிவத்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் கிடந்த நீள மர வாங்கில் இருந்தோம். பெயர், பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர் எல்லாம் கடகடவென்று எழுதினேன். பிறகு திருமண நிலை வந்தது. முன்பு மணமானதே இல்லை என்று ஒரு பெட்டி. பேனையை அதில் வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். இவர் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கும் உந்தப் பெட்டிதான்" என்றார். "நீர் புள்ளடி போட்டு அனுப்பினனீர். நான் வாசிச்சுப்போட்டுத்தான் கையெழுத்து வைச்சனான்."

வாசிச்சனீங்கள் எண்டால் ஏன் பிழையெண்டு சொல்லேல்லை என்று கேட்டேன். என் குரல் அந்த இடத்துக்கு உரக்கவே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். இவர் பிள்ளையின் சப்பாத்தைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"எனக்கு எழுத்தண்டைக்கே கலியாணம் முடிஞ்சுது. உமக்கு அப்பிடி இல்லையாக்கும் எண்டு நினைச்சன். அதைப் போனிலை எப்பிடிக் கேக்கிறது?"

எனக்கு முகம் சுட்டது. இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்து, ஒரே கோப்பையில் சாப்பிட்டு, ஒரு பிள்ளையையும் பெற்ற பிறகு இந்தக் கதை இப்போதுதான் வெளியே வருகிறது. அந்தப் படிவத்தை நான் விசாவுக்கென்று நிரப்பினேன். இவர் அதை என்னுடைய கடிதமாக வாசித்திருக்கிறார். சித்தி வீட்டு வாசலில் நின்றுவிட்டுத் தனியே போன மனிதனுக்கு, ஐந்து மாதம் கழித்து, நீ எனக்கு ஒன்றுமில்லை என்று கடுதாசியில் எழுதி அனுப்பியிருக்கிறேன். அதற்கும் வாய் பேசாமல் கையெழுத்து வைத்திருக்கிறார். இப்போது அதையே இரண்டாம் தரமும், முகத்துக்கு நேரே எழுதப் போனேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. படிவத்தை நாலாக மடித்துப் பிள்ளையின் பம்பேஸ் பைக்குள் செருகிவிட்டு எழும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் முடிவைச் சொன்னேன். உள்ளேயிருந்தே போடுகிறோம், தை மாதத்துத் திகதியைத்தான் எழுதுகிறோம், விசிட்டர் படிவத்தில் விட்ட பிழையை அவர்கள் கண்டுபிடிக்குமுன் நாங்களே சொல்கிறோம். அப்பீல் இல்லாத வழி என்று இவர் நினைவுபடுத்தினார். தெரியும் என்றேன். பிழை விட்டது நான், நீங்கள் போய் அங்கே நின்று தண்டனை அனுபவிக்கத் தேவையில்லை, மறுத்தால் மூன்று பேருமாகப் போவோம் என்றேன். வேலை, வீடு, அம்மா எல்லாம் இங்கேதானே. ஆனால் சொன்னதை நான் திருப்பி எடுக்கவில்லை.

கடிதத்தை நான் எழுதினேன், இவர் திருத்தினார். எழுத்து என்றால் என்ன, தாலி என்றால் என்ன, நடுவில் ஏன் இரண்டு பேரும் இரண்டு நாட்டில் இருந்தோம் என்று ஒவ்வொரு படியாக எழுத வைத்தார். எழுத்தன்று எடுத்த படத்தையும் தாலி கட்டிய படத்தையும் வைத்தோம். முதல் படத்தில் என் கழுத்தில் ஒரு சின்னச் சங்கிலி மட்டும் இருந்தது. நாங்கள் மேசையில் மல்லுக்கட்டுவதை இரண்டு நாள் தூர நின்று பார்த்த அம்மா, மூன்றாம் நாள் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து இருந்தார். அதுவரை அந்தப் புள்ளடிக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரித்தான் திரிந்தார்.

"நான்தான் அப்பிடிப் போடச் சொன்னனான் எண்டு என்ரை பேரையும் எழுது. நான் கையெழுத்து வைக்கிறன்."

அம்மாவுக்காகத் தனியே ஒரு பக்கம் எழுதினேன். கீழே தமிழில் கையெழுத்து வைத்தார். அதை மொழிபெயர்ப்பித்து, ஒரு சட்டத்தரணியிடம் ஒருமுறை காட்டிவிட்டு, திகதி முடிய ஒன்பது நாள் இருக்கையில் அனுப்பினோம். அங்கிளுக்குப் போன் எடுத்துச் சொன்னபோது, பிள்ளை நெருப்போடு விளையாடுறாய் என்றார். ஓம் அங்கிள் என்றேன்.

அதற்குப் பிறகு காத்திருந்ததை என்னவென்று சொல்வது? மகள் தவழ்ந்தாள், நின்றாள், விழுந்தாள். தபால் பெட்டியைத் திறந்து திறந்து அதன் பிணைச்சல் கழன்றது. மின்னஞ்சலில் திணைக்களத்தின் பெயரைக் கண்டால், திறக்குமுன் முன்கதவு வரை ஒருமுறை நடந்துவிட்டு வருவேன். இவருக்கு வேலை அனுமதி மட்டும் வந்தது. பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கப் போனார். மகள் முதல் அடி வைத்தபோது இவர் வீட்டில் இருந்தார். அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அம்மா பிள்ளையோடு வெளியே இருக்க, எங்களைத் தனித்தனியாக அழைத்தார்கள். எனக்கு வந்த அதிகாரி ஓர் அமைதியான பெண். விசிட்டர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். எழுத்து, தாலி, இரண்டு நாள் வழக்கம் என்று நான் பாடமாக்கி வைத்திருந்ததை எல்லாம் அவர் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். இந்தப் படிவத்தை நீ நிரப்பிய அன்று இவர் உன் கணவரா?

இல்லை என்று சொல்வதுதான் எனக்குப் பாதுகாப்பு. அன்று நான் அப்படித்தான் நம்பினேன் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் எனக்கு அந்த வாங்கும், இவர் குனிந்து சப்பாத்தைச் சரிசெய்ததும் முன்னால் வந்து நின்றன.

ஓம், என் கணவர்தான் என்றேன். அவருக்கு அது தெரிந்திருந்தது, எனக்குத்தான் அப்போது தெரியவில்லை என்றேன். அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். போகலாம் என்றார்.

வெளியே வந்ததும் இவர் என்ன கேட்டவை என்றார். சொன்னேன். என்ன சொன்னனீர் என்றார். அதையும் சொன்னேன். இவர் பிள்ளையை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் கார்த் தரிப்பிடத்துக்கு நடந்தார். காரை எங்கே விட்டோம் என்பது இவருக்கு மறந்துபோயிருந்தது.

ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் மின்னஞ்சலில் பதில் வந்தது. நிரந்தர வதிவிடத்தை உறுதிப்படுத்தும் பத்திரம் அது. நான் நம்பாமல் திகதியைத் தேடினேன். எதுவரை என்று எங்காவது போட்டிருக்கும் என்றுதான் என் கண் ஓடியது. இவர் மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து திரையை மேலிருந்து கீழே வரிவரியாக வாசித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். திருமண நிலை என்று இருந்தது. பக்கத்தில் மணமானவர் என்று இருந்தது.

"இப்ப சரி" என்றார்.