பொட்டு ஒட்டிய பலூன்

புதுப் பலூனை வாயில் வைத்தால் உதட்டில் ஒட்டும் வெள்ளை மாவும் மூக்கில் ஏறும் ரப்பர் வாடையும் மற்றவர்களுக்குத் திருவிழாவை நினைவூட்டலாம். எனக்குக் கலைச்செல்வியைத்தான் நினைவூட்டும், அவளை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். விழுப்புரம் தனி மாவட்டமான புதிது அது. திண்டிவனத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் நாங்கள் இருவரும் ஒன்பதாம் வகுப்பு, ஒரே பெஞ்சு. விழுப்புரத்தில் நடக்கவிருந்த அறிவியல் கண்காட்சிக்கு ஒருத்திதான் போகலாம். நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டதோ ஒரே பொருள்: மற்ற விண்மீன் மண்டலங்கள் நம் பால்வீதியை விட்டு எப்படி விலகிப் போகின்றன என்பது.

நான் பலூன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் அழகழகாகப் புள்ளி வைத்திருந்தேன். ஊத ஊதப் புள்ளிகள் விலகின, ஆனால் ஒவ்வொன்றும் தோசை மாதிரி பரந்துகொண்டே போனது. "நடுவுல இருக்கிற இடந்தாம்மா விரியுது, மண்டலமே இப்பிடி உப்பாது" என்றார் அறிவியல் சிஸ்டர். வகுப்பே சிரித்தது. கலைச்செல்வியோ தன் அம்மாவின் "ஒட்டுப் பொட்டு"களைப் பாதி ஊதிய பலூனில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவள் ஊதினால் இடைவெளி மட்டும் வளர்ந்தது, பொட்டு வளரவில்லை. பூசைக்கு வைத்துக்கொண்டு போய் வந்து அம்மா கழற்றி ஒட்டிவைத்த பொட்டுகள் எங்கள் வீட்டுக் கண்ணாடியிலும் வரிசையாக இருந்தனவே, எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இரவெல்லாம் புழுங்கினேன். "அடுத்தவ எலையையே பாத்துக்கினு இருந்தா உன் சோறு ஆறிப்பூடும்" என்றாள் அம்மா. ஆறினால் ஆறட்டும் என்றிருந்தது எனக்கு.

யார் போவது என்று தலைமை ஆசிரியை திங்கட்கிழமை முடிவு செய்வதாக இருந்தது. அதற்குள் நான் நூலகத்தைக் குடைந்து ஒரு செய்தியைப் பிடித்துவிட்டேன். அன்று தலைமை ஆசிரியை முன்னால் கலைச்செல்வி பெருமையாக விளக்கி முடித்ததும் எழுந்து கேட்டேன்: "எல்லாமே வெலகிப் போவுதுன்னா, ஆண்ட்ரோமீடா மண்டலம் மட்டும் ஏன் நம்மகிட்ட வந்துக்கினு இருக்குது?"

அவள் அதை யோசித்திருக்கவில்லை. முகம் வெளுத்ததைப் பார்த்து உள்ளுக்குள் குளிர்ந்தேன். அவளோ தன் நெற்றிப் பொட்டை எடுத்து, பால்வீதி என்று வைத்திருந்த சிவப்புப் பொட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். "தூரமா இருக்கிறதுங்கதான் வெலகிப் போவுதுங்க, சிஸ்டர். இது பக்கத்து ஊடு மாதிரி. ஒண்ணையொண்ணு ஈர்ப்பு இழுக்கிறதால கிட்ட வருது" என்று அதை விரலால் மெல்ல நகர்த்தியும் காட்டினாள். தலைமை ஆசிரியை கைதட்டினார். குழி தோண்டப் போன நான் அவளுக்குப் படி வெட்டிக் கொடுத்திருந்தேன். அவள் விழுப்புரம் போய்ப் பரிசோடு வந்தாள்.

அந்த வகுப்பறை இப்போது இல்லை, இடித்து மாடி கட்டிவிட்டார்கள். பத்தாவதோடு நாங்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். பல வருடங்கள் கழித்து, சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், விழுப்புரம் புதுப் பேருந்து நிலையத்தில் கலைச்செல்வி என்னைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற கணவரிடம், "நான் சொல்லிக்கினே இருப்பேனே, இவதாங்க அது. அன்னிக்கு நான் ஆண்ட்ரோமீடாவ உட்டுட்டேன்னு, கேள்வி கேக்கிற மாதிரி எடுத்துக் குடுத்தா. இல்லன்னா விழுப்புரத்துல நான் மாட்டியிருப்பேன்" என்றாள்.

நான் மறுக்கவில்லை. திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பொறாமை மூண்டது. பரிசு போனால் போகிறது. ஒருத்தியை இத்தனை காலம் நல்லவளாகவே நினைத்திருக்க அவளால் முடிகிறதே, எனக்கு அது ஒருநாளும் வரவில்லையே.