ஒரு பிள்ளைக்குத்தான் ஊசி இருந்தது

போன வருஷம் லீவில் என் ஒரே மகள் நிலா ஆப்பிரிக்காவில் சாகக் கிடந்தாள். இங்கே நியூ ஜெர்சி எடிசனில் நம் சஷ்டி குழுவில் எல்லோருக்கும் இது தெரியும். முருகன் அவளைக் காப்பாற்றியதை எழுது, படிக்கிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறீர்கள். எழுதுகிறேன்.

நிலா அப்போது பதினோராம் வகுப்பு. காலேஜ் அப்ளிகேஷனில் போட ஏதாவது சேவை வேண்டும். நம் வீடுகளில் வேறென்ன காரணம் இருக்கும்? மலாவியில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளிக்குப் புத்தகம் கொடுக்கலாம் என்று கிளம்பினோம். நீங்களும் பெட்டி பெட்டியாகக் கொடுத்தீர்கள். அதில் பாதி உங்கள் பிள்ளைகள் விடை எழுதி முடித்த ஒர்க்புக். பெஞ்சு இல்லாமல் தரையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் அதையும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

கிளம்பும்போதே டாக்டர் மலேரியா மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டுகிறது என்றாள் நிலா. என் கணவர் செந்தில் சிரித்தார்.

"தஞ்சாவூர்க் கொசுக்கே அசராதவங்க நாம. இந்த மாத்திரையெல்லாம் அமெரிக்காக்காரனுக்கும்மா. விட்டுடு."

நானும் விடச் சொன்னேன். அவள் பிறந்தது நியூ ஜெர்சியில் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

அங்கேயே தங்கி நிலா தினமும் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டினாள். சிக்கோண்டி என்று ஒரு சின்னப் பெண், நிலாவின் மடியை விட்டு இறங்கமாட்டாள். ஊருக்குத் திரும்ப இருந்த வாரம் நிலாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன், நெற்றியில் விபூதி பூசினேன். மறுநாள் அவளுக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை.

ஹெட்மாஸ்டர் யாரிடமோ கெஞ்சி ஒரு பழைய வண்டி வாங்கி எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே பக்கத்துக் கட்டிலில் சிக்கோண்டி. அதே காய்ச்சல். எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். அவள் அம்மா தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ஊசி ஒரு பிள்ளைக்குத்தான் இருக்கு. பிரிச்சுப் போட்டா ரெண்டு பேருக்கும் பத்தாது. டவுன்லேருந்து வரணும். அந்தக் குழந்தைதான் முதல்ல வந்தது."

நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். முருகா, அந்த ஊசி என் பொண்ணுக்குத்தான் வேணும். வாய்விட்டே சொன்னேன். தமிழில் சொன்னதால் அந்த அம்மாவுக்குப் புரியவில்லை.

சொல்லி வாய் மூடவில்லை, நிலாவுக்கு வலிப்பு வந்தது. கட்டிலே ஆடியது. இந்தப் பிள்ளையின் நிலைமைதான் மோசம் என்று நர்ஸ் ஊசியோடு எங்கள் பக்கம் ஓடி வந்தாள்.

நிலா பிழைத்தாள். டவுனிலிருந்து மருந்து வந்து சேர்ந்தபோது சிக்கோண்டியின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். அவள் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். உங்கள் மகளுக்காகவும் சேர்த்துத்தான் ஜெபம் பண்ணினேன் என்கிறாள் என்று ஹெட்மாஸ்டர் எடுத்துச் சொன்னார். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காலேஜுக்கு எழுதிய கட்டுரையில் நிலா இதைப் பற்றி ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. செந்தில் கேட்டதற்கு, "ஐ கான்ட், அப்பா" என்று எழுந்து போய்விட்டாள். நான் சஷ்டி விரதத்தை ஒரு மாதமும் விடுவதில்லை. இப்போது புத்தகப் பெட்டியோடு அந்த ஆஸ்பத்திரிக்கு மருந்தும் அனுப்புகிறோம்.

கேட்டதைக் கொடுப்பவன் முருகன். இதில் எனக்குத் துளி சந்தேகம் கிடையாது. நீங்களும் நம்பிக் கேளுங்கள். ஆனால் கேட்பதற்கு முன்னால் பக்கத்துக் கட்டிலில் யார் என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். நான் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்று என்று கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. நான் என்ன கேட்டேனோ, அதை அப்படியே கொடுத்தான்.