ஆடி முடியட்டும்னு சொன்ன அக்கா

மூணு மாசமா காரைக்குடியில தெருத்தெருவா வாடகைக்கு வீடு தேடி, குழாயத் தொறந்து தண்ணி உப்பான்னு குடிச்சுப் பாத்து, ஒரு வீட்டை முடிவு பண்ணேன்.

ஆபீஸ்ல பக்கத்து சீட் மல்லிகா அக்காகிட்ட மட்டும் அட்ரஸோட சொன்னேன்.

"ஆடியில யாராச்சும் அட்வான்ஸ் குடுப்பாகளா? ஆவணி பொறக்கட்டும், பொறும்மா"ன்னாக.

பொறுத்தேன். இன்னைக்கு ஆவணி ஒண்ணு. கடைசியா ஒரு தடவை வீட்டைப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுப்போம்னு போனா, உள்ளேயிருந்து வந்தது மல்லிகா அக்கா!

"வாம்மா. நாங்க பால் காய்ச்சி பத்து நாளாச்சு. நீ சொன்னாப்புல தண்ணி கல்கண்டுதான். ஒரு சொம்பு குடிக்கிறியா?"

குடிச்சேன். இனிச்சுச்சு. வயிறுதான் இன்னும் எரியுது.

வேற வீடு இருந்தா சொல்லுங்க. கமெண்ட்ல வேணாம், இன்பாக்ஸுக்கு வாங்க. அக்காவும் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்லதான் இருக்காக.