மாமா சொன்ன எடைச் சட்டம்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வாயைத் திறந்தால் இரண்டு பேச்சுக்கு ஒரு பழமொழி விழும். அதில் பாதி ஊர் சொன்னது, பாதி அவரே அடித்துவிட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று யாராவது தொடங்கினால், "நஞ்சாகறது அப்புறம், மொதல்ல வண்டி ஸ்பிரிங் பட்டை உடையும்" என்று முடித்து வைப்பார்.

பின்பக்கம் தகரப் பெட்டி போல மூடிய ஒரு குட்டி கன்டெய்னர் வண்டி அவரிடம் இருந்தது. எழுநூற்றைம்பது கிலோ வரை ஏற்றலாம் என்று ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருந்தது. மாமாவுக்கு அது சாமி வாக்கு. ஒரு மூட்டைதானே, கண்ணை மூடிக்கொள்ளேன் என்று ஆரணியில் கெஞ்சாத வியாபாரி இல்லை. "அந்தக் கடைசி மூட்டைக்குத்தான் பிரேக் பிடிக்காது" என்பார். போலீஸ் பிடித்தால் அபராதம், பிடிக்காவிட்டால் பள்ளம், இரண்டில் ஒன்று நம்மை விடாது என்பது அவர் கணக்கு.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், அந்த வண்டியில் அத்தையின் சாமான்கள் செய்யாருக்குப் போக வேண்டியிருந்தது. அத்தையோடு அப்பா பேச்சை நிறுத்தி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கம்பெனி வேலைக்காரர் ஒருவரைத் தங்கை தானே பார்த்துத் தானே கட்டிக்கொண்டாள் என்ற கோபம். தறி போட இடமுள்ள வீடாகப் பிடித்திருக்கிறேன், என் தறியையும் சாமானையும் அனுப்ப முடியுமா என்று அத்தை அம்மாவுக்குப் போன் செய்தாள். வீடே அப்பாவின் முகத்தைப் பார்த்தது.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே தீர்ப்பு சொன்னார். "அவ சாமான் அவளுக்கு. எடுத்துகினு போவட்டும். ஆனா இந்த வூட்டுலேருந்து ஒரு மணி அரிசி போவக் கூடாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவ்வளவு ஒற்றுமையாக எங்கள் வீட்டில் தலையாடி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் மத்தியானம் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டாள். வெறும் பாத்திரத்தைக் கொடுத்தனுப்பினால் போகிற வீடு விளங்குமா என்று என்னையே கேட்டுவிட்டு, அத்தையின் பித்தளை அண்டாவிலும் தவலைகளிலும் அரிசிச் சிப்பங்களை இறக்கினாள். சிப்பம் என்றால் இருபத்தைந்து கிலோ பை. நான் மூடியைப் பிடித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லாதே என்று கையில் ஒரு வெல்லக் கட்டி வைத்தாள். சாயங்காலம் பெரியம்மாவுக்கும் அதே நியாயம் தோன்றியது. குடங்களிலும் குக்கரிலும் பருப்பும் புளியும் போயின. எனக்கு இன்னொரு வெல்லக் கட்டி. மூன்றாவதாகத் தாத்தா. பூவேலைக்காகத் தறியின் மேலே மாட்டும் ஜக்காடு பெட்டிக்குள் வேர்க்கடலையைக் கொட்டி மேலே பழைய வேட்டியைத் திணித்தார். அவரிடம் வெல்லம் இல்லை. கடலையிலேயே ஒரு பிடி தந்தார். ஒருத்தர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி வந்தது. எடை சரியாக இருந்தால் என்னை முன்சீட்டில் உட்காரவைத்துச் செய்யாருக்குக் கூட்டிப்போவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். அத்தையைப் பார்த்து இரண்டு வருஷம். இரவு முழுக்க எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பக்கத்துத் தறிக்காரர்கள் நாலு பேர் பீரோவைத் தூக்கினார்கள். அதில் ஒருவர் மூச்சு வாங்கியபடி, "இன்னாங்க இது, உள்ள ஆளு எதுனா கீதா?" என்றார். அந்தக் காலத்துத் தகடு அப்படித்தான் கனக்கும் என்றார் அப்பா. பீரோ சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

செய்யார் சாலையில் உள்ள அரிசி ஆலையில் லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டு எழுதுவது அப்பாவின் வேலை. அங்கேயே எடை போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் ஓர் அடி வைக்க மாட்டேன் என்று சொல்லித்தான் அவர் வண்டிக்குப் பின்னால் டி.வி.எஸ்.ஸில் வந்தார். சாமானெல்லாம் சேர்த்து அறுநூற்று நாற்பதுக்கு மேல் வராது என்று மாமா மனக்கணக்காகச் சொல்லியிருந்தார். வண்டியை எடை மேடையில் ஏற்றியதும் அப்பா எண்ணைப் பார்த்தார். வெறும் வண்டியின் எடையைக் கழித்தார். மறுபடி கழித்தார்.

"எட்நூத்தித் தொண்ணூறு. மெஷின்ல ஏதோ கோளாறு."

தன் மெஷினைப் பற்றி அப்பா அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மாமா வண்டியைச் சுற்றி வந்தார். இருநூற்றைம்பது கிலோ எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் வண்டியை எடுக்க மாட்டேன், வேண்டுமானால் எல்லாவற்றையும் வீட்டிலேயே திருப்பி இறக்கிவிடுகிறேன் என்றார்.

வண்டி திரும்பினால் அத்தையைப் பார்க்க முடியாது. அத்தையா, மூன்று பேருடைய ரகசியமா? மாமாவைக் குனியச் சொல்லி, அண்டா, குடம், ஜக்காடு பெட்டி என்று காதில் ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். அவர் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார்.

"நூத்தியம்பதுதான் வருது. இன்னும் நூறு எங்க போச்சு மாமா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா ஆலையின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கையை நீட்டினார். அந்தக் கையில் சாவி விழுந்தது.

பீரோவில், அத்தையின் புடவை இருக்க வேண்டிய தட்டுகளுக்குக் கீழே, நான்கு சிப்பம். ஆலையில் முதல் தரம் என்று தனியாக எடுத்து வைக்கிற அரிசி. எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் யாருக்கும் வெல்லக் கட்டி கொடுக்கவில்லை, இருந்தும் மாட்டிக்கொண்டாரே.

அந்த நான்கும், அம்மாவின் அண்டாவிலிருந்து இரண்டும் கீழே இறங்கின. மறுபடி எடை போட்டார்கள். எழுநூற்று நாற்பது. மாமா கைகளைத் தட்டிக்கொண்டார்.

"சட்டம் தெரியும் இல்ல மாமா? ஜாஸ்தி ஏத்துனது யாரோ, அவங்களே கொண்டாந்து சேக்கணும்."

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். சண்டை வரப்போகிறது என்றே நினைத்தேன்.

"சட்டம்னா சரி" என்றார் அப்பா. ஆறு சிப்பத்தையும் ஆலையின் லோடு ஆட்டோவில் தானே தூக்கிப் போட்டார்.

செய்யார் வரை மாமா பாடிக்கொண்டே ஓட்டினார். நான் கண்ணாடியில் பின்னால் வரும் ஆட்டோவையே பார்த்துக்கொண்டு வந்தேன். சட்டம் இவ்வளவு பெரியதா, எங்கள் அப்பாவையே வரவைக்கிறதே என்று பெருமையாக இருந்தது.

அத்தை வாசலுக்கு ஓடி வந்து என்னைத் தூக்கினாள். அதற்குள் ஆட்டோவும் வந்து நின்றது. அப்பா தோளில் ஒரு சிப்பத்தோடு இறங்கி, தரையைப் பார்த்தபடி, "வண்டில வெயிட்டு ஜாஸ்தி. அதான்" என்றார்.

"உள்ள வைங்கண்ணா" என்றாள் அத்தை. அப்புறம் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். அரிசி அதிகமாகிவிட்டதே என்று பயப்படுகிறாள் போலும் என எண்ணி, அவளுக்கு அந்தச் சட்டத்தை நான் விளக்கிச் சொன்னேன். மத்தியானம் அந்த அரிசியில்தான் சோறு. அப்பா மூன்று முறை போட்டுக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் பல வருஷம் அந்தச் சட்டத்தை எல்லோருக்கும் சொல்லித் தந்தேன். அன்று எடை மேடையில் நின்றவர்கள் மூன்று பேர். அப்படி ஒரு சட்டமே கிடையாது என்று அதில் இரண்டு பேருக்கு நன்றாகத் தெரியும். நம்பியவள் நான் ஒருத்திதான்.